தவமணி அக்கா பார்த்த நாடகங்கள்

தவமணி அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் மேடையில் நின்றேன். நடித்துக்கொண்டு என்று நினைத்துவிடாதீர்கள், தும்புத்தடியோடு நின்றேன். அலுவலறையில் தொலைபேசி அடித்தது. எடுத்தால் அக்காவின் மகள் வசந்தி. “அண்ணை, அம்மா காலமை மோசம் போயிட்டா. நித்திரையிலைதான்” என்றாள். ஏதோ சொல்லிவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து கூட்டத் தொடங்கினேன். பாதி மேடை கூட்டிய பிறகுதான் அழுகை வந்தது. இது நடந்து இரண்டு கிழமை ஆகிறது. இத்தாலியின் பலெர்மோவில் இருக்கும் உங்களில் பலருக்கு, கோயிலில் பெரிய பானையில் பொங்கல் கிண்டிய தவமணி அக்காவைத் தெரியும். நாடகம் பார்த்த தவமணி அக்காவை எனக்குத்தான் தெரியும். அவரைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

இந்த ஊரில் நாடகம் இரண்டு சாதி. ஒன்று பெரிய அரங்கம்: சிவப்பு வெல்வெட் கதிரை, பளிங்குப் படி, குளிரே இல்லாத ஜனவரியிலும் கம்பளி மேலங்கியோடு வரும் சிஞ்ஞோராக்கள், அதாவது பெரிய வீட்டுச் சீமாட்டிகள். மேடையில் என்ன நடக்கிறது என்பதைவிட யார் யாரோடு வந்திருக்கிறார்கள் என்பதுதான் அங்கே முக்கியம். மற்றது நான் வேலை செய்யும் இடம். சந்தைக்குப் பின்னால் பழைய பழக் களஞ்சியம் ஒன்று. ஒரு காலத்தில் ஊர் எல்லையிலுள்ள சியாகுல்லித் தோட்டங்களின் மண்டரின் தோடம்பழப் பெட்டிகளை அங்கே அடுக்கி வைத்தார்களாம். ஈரமான நாளில் இன்னும் தோல் வாசம் வரும். இருப்பதற்கு நீளமான பலகை வாங்குகள். பார்வையாளர் முப்பது பேர் வந்தால் திருவிழா, அதிலும் பாதிப்பேர் நடிகர்களின் உறவுக்காரர். காலையில் ஒரேத்தோ தெருவில் மாடிப்படி துடைத்துவிட்டு நான் பின்னேரம் அங்கே போவேன். கூட்டுவேன், விளக்குப் போடுவேன், எனக்கு நாடகம் தெரியும் என்ற திமிரில் குறையும் சொல்வேன்.

அக்கா பெரிய அரங்கத்துப் பார்வையாளர். சிரிக்காதீர்கள். பக்கத்து ஊரான பகேரியாவில் பழைய வீடொன்றில் தனியாக இருந்த வயதான சிஞ்ஞோராவைப் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. சிஞ்ஞோரா தனக்கும் தன் தங்கைக்குமாக வருடம் முழுவதற்கும் இரண்டு இருக்கைகள் எடுத்து வைத்திருந்தார். தங்கை இறந்துவிட, அந்த இருக்கை அக்காவுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்கு இருவரும் ரயிலில் வருவார்கள். அக்கா பட்டுச்சேலை உடுத்து, பூ வைத்து, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு மூன்றாம் வரிசையில் இருப்பார்.

இரண்டாம் அங்கத்தில் சிஞ்ஞோரா தவறாமல் தூங்கிவிடுவார். திரும்பும் ரயிலில் கதை சொல்வது அக்காவின் பொறுப்பு. அக்காவின் இத்தாலி மொழி சந்தைக்கும் டாக்டருக்கும் காணும், நாடகத்துக்குக் காணாது. அதற்காக அவர் விட்டுவிடவில்லை. ஒருமுறை மேடையில் அலுமாரிக்குள் ஒருவன் ஒளிந்திருந்தான். கள்ளக் காதலன் என்று மண்டபம் முழுக்கச் சிரித்தது. அக்கா சொன்ன கதையிலோ அவன் எல்லை கடத்திவிடும் ஏஜென்சிக்காரன் வரும்வரை காத்திருந்த பெடியன், பாஸ்போட் இல்லாத பாவம், பொலிஸ் தேடுகிறது. சிஞ்ஞோரா கண்கலங்கி, “அவன் போய்ச் சேர்ந்தானா?” என்று கேட்டாராம். “ஓம், ஜெர்மனிக்குப் போயிட்டான் எண்டு சொன்னனான்” என்று அக்கா என்னிடம் சொன்னார். நாடகத்தை எழுதியவர் கேட்டிருந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருப்பார். எனக்கென்றால் அக்காவின் கதைதான் பிடித்தது.

“உங்கடை கிட்டங்கியிலை என்னதான் காட்டுறியள்?” என்று கேட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் களஞ்சியத்துக்கும் வந்தார். வரக்கூடாத நாளாகப் பார்த்து வந்தார் என்றுதான் அன்று நினைத்தேன். களஞ்சியத்தின் சொந்தக்காரன் அதைக் கார் நிறுத்துமிடமாக மாற்றப் பார்த்துக்கொண்டிருந்தான். பெரிய அரங்கம் எங்கள் நாடகத்தைத் தன் மேடைக்கு எடுத்தால் அந்தக் காசில் வாடகை கட்டிக் குழு பிழைக்கும், இல்லையென்றால் மாரிகாலத்தோடு கதவைப் பூட்டவேண்டும். எடுப்பதா விடுவதா என்று பார்க்க, பெரிய அரங்கத்தின் பொறுப்பாளர் கழுத்துச் சால்வையோடு அன்றுதான் வந்து முன்வாங்கில் இருந்தார்.

எங்கள் நாடகத்தில் ஒரு தாயின் மகனைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். தாய் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் தனியாக இருக்கிறாள். இதுதான் கடைசிக் காட்சி. தாயாக நடித்தவள் நீனா. பேச்சில்லை, பாட்டில்லை, அசைவுமில்லை. நெறியாளர் சால்வோவுக்கு அந்த மௌனத்தில் பெரிய பெருமை. மௌனம் ஒரு நிமிடம் போயிருக்கும். வாங்கொன்று கிரீச்சிட்டது. பார்த்தால் தவமணி அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மேடைக்கு ஏறுகிறார்.

எங்கள் செத்தவீட்டில் ஒரு பெண்ணைத் தனியே அழவிடுவார்களா? அக்காவும் விடவில்லை. நீனாவின் பக்கத்தில் இருந்து, தோளோடு கட்டிப்பிடித்து, “என்ரை ராசாவே” என்று ஒப்பாரி தொடங்கிவிட்டார். விளக்கை அணைக்கும்படி சால்வோ எனக்குக் கைகாட்டினார். நான் அணைக்கவில்லை. நீனா முதலில் விறைத்தாள். பிறகு அக்காவின் தோளில் முகத்தை வைத்தாள், உடைந்து அழுதாள். முப்பது பேரும் அழுதார்கள். காட்சி முடிந்ததும் பொறுப்பாளர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, “அந்த இரண்டாவது நடிகை யார்?” என்று கேட்டார். சால்வோ கண்ணிமைக்காமல், “எங்கள் கண்டுபிடிப்பு” என்றார். நாடகத்தை எடுப்பதாகவும் அந்த நடிகை கட்டாயம் இருக்கவேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் பொறுப்பாளர் போனார்.

அக்காவைச் சம்மதிக்கவைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. வியாழன் பின்னேரம் அவருக்கு ஓய்வு, பகேரியாவுக்குப் போனேன்.

“அக்கா, பெரிய மேடையிலை ஒருக்கா ஏறவேணும். அண்டைக்குச் செய்ததைத்தான் செய்யவேணும்.”

“நான் என்ன செய்தனான்? அந்தப் பிள்ளை தனிய இருந்துது, போனன். வாற மாதம் அழுங்கோ எண்டு இப்பவே சொல்லி வைச்சால், நான் எப்பிடியடா அழுறது?”

“நீங்கள் வராட்டி எங்களைப் பூட்டிப்போடுவாங்கள் அக்கா.”

“சரி, வாறன். ஆனால் என்ரை சீட்டிலைதான் இருப்பன், சிஞ்ஞோராவோடை. அழுகை வந்தால் ஏறுறன். வராட்டி என்னைக் குறை சொல்லக்கூடாது.” இந்த நிபந்தனையைச் சால்வோவிடம் சொன்னேன். சால்வோ பொறுப்பாளரிடம் மூச்சும் விடவில்லை.

எங்கள் நாடகம் போடும் ஞாயிறும் வந்தது. நான் பெரிய அரங்கத்தின் விளக்கு அறையில் இருந்தேன். கடைசிக் காட்சி. நீனா பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறாள். மௌனம். ஒரு நிமிடம் போனது, இரண்டு நிமிடம் போனது. மூன்றாம் வரிசையில் அசைவே இல்லை. எங்கள் கதை முடிந்தது, நாளைக்கே கார்கள் வந்து நிற்கப்போகின்றன என்று நினைத்தேன். நாலு தமிழ்ச் செய்யுள்கூட நினைவில் நிற்காத நான், அப்போது எனக்குத் தெரிந்த தேவாரம் முழுவதையும் சொன்னேன்.

அப்போதுதான் ஒரு விசும்பல் கேட்டது. மேடையிலிருந்து வரவில்லை. இரண்டாம் அங்கத்தோடு தூங்கிவிடும் சிஞ்ஞோரா அன்று தூங்கவில்லை. ஊன்றுகோலைப் பிடித்தபடி குலுங்கி அழுதுகொண்டிருந்தார். அக்கா மேடைப்பக்கம் திரும்பவேயில்லை. சிஞ்ஞோராவைக் கட்டிப்பிடித்து, தன்பாட்டுக்கு ஒப்பாரி வைத்தார். மேலங்கிக்காரர் எல்லோரும் திரும்பினார்கள். நீனா தலையை நிமிர்த்திப் பார்த்தாள். பெட்டியை விட்டு எழுந்து, படியிறங்கி, மூன்றாம் வரிசைக்குப் போய், அவர்கள் காலடியில் தரையில் இருந்துவிட்டாள். அரங்கம் முழுவதும் எழுந்து நின்றது. கைதட்டல் ஓய எவ்வளவு நேரம் எடுத்தது என்று எனக்குத் தெரியாது, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த பருவத்துக்கும் பொறுப்பாளர் எங்களைக் கூப்பிட்டார். களஞ்சியம் பூட்டப்படவில்லை.

பிறகு வாசலில் கேட்டேன்: “ஏன் அக்கா மேடைக்கு ஏறேல்லை?”

“நீனா பிறகு கோப்பி குடிச்சுச் சிரிப்பாள் எண்டு எனக்குத் தெரியுமெல்லே. சிஞ்ஞோரா தங்கச்சியை நினைச்சு அழுதவ. பக்கத்திலை இருந்துகொண்டு அவவை விட்டிட்டு எங்கை போறது?” என்று சொல்லிவிட்டு, சிஞ்ஞோராவின் கையைப் பிடித்து ரயிலுக்கு நடந்தார். அன்றைக்குக் கதை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எனக்கு விளக்கு அறைதான் வசதி. மற்றவர் அழுதால் நான் நிலத்தைப் பார்க்கிற ஆள். போன ஞாயிறு பெரிய அரங்கத்தில் சும்மா பார்வையாளனாகப் போய் இருந்தேன். மேடையில் பகிடி நாடகம். எல்லோரும் சிரிக்க, பக்கத்து இருக்கையில் முன்பின் தெரியாத ஒரு மனிதர் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். மேடையைப் பார்க்க முயன்றேன், முடியவில்லை. அவர் தோளில் கையை வைத்தேன். திடுக்கிட்டுத் திரும்பி, “என்னை உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார்.

“தெரியாது” என்றேன். கையை எடுக்கவில்லை. அக்காவிடமிருந்து எனக்குக் கிடைத்தது அதுதான்.