தண்ணீரில் மூழ்காத பேண்டேஜ் துணி

நாற்பத்து நான்கு வயதில் இன்டர்ன்ஷிப் போகிறேன் என்றபோது வீட்டில் யாரும் தடுக்கவில்லை. சிரித்தார்கள், அவ்வளவுதான். பிள்ளைகள் கல்லூரிக்குப் போன பிறகு துணித் தரப் பரிசோதனையில் ஒரு பட்டயப் படிப்பு படித்தேன். அதை முடிக்க இரண்டு மாதம் ஏதாவதொரு கம்பெனியில் வேலை பார்த்தாக வேண்டும். எனவே ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் இராஜபாளையம் போய், பேண்டேஜ் துணி செய்யும் ஒரு கம்பெனியில் பரிசோதனை அறையில் உட்கார்ந்தேன்.

வேலை எளிது. மடிப்புக் கூடத்தில் பெண்கள் மடித்து அனுப்பும் கட்டுகளில் ஒரு மடிப்பை இடுக்கியால் எடுத்துத் தண்ணீரில் மெல்ல விட வேண்டும். பத்து விநாடிக்குள் அது மூழ்க வேண்டும். இரத்தத்தை உறிஞ்ச வேண்டிய துணி தண்ணீரை உறிஞ்சாவிட்டால் எதற்கு ஆகும்?

ஆடிக் காற்று தொடங்கிய வாரத்தில் ஒரு மடிப்பு மூழ்க மறுத்தது. ஒரு மூலை நனைந்தது. மற்ற மூன்றும் அப்படியே மிதந்தன. இன்னொன்றைப் போட்டேன். அதுவும் மிதந்தது.

"பாத்திரத்துல சோப்பு கீப்பு இருக்கும் மேடம். கழுவிட்டுப் போடுங்க" என்றார் சூப்பர்வைசர்.

கழுவிவிட்டுப் போட்டேன். மிதந்தது. மடிப்புக்குப் போகாத சுருளிலிருந்து ஒரு துண்டை வெட்டிப் போட்டேன். போட்டதும் மூழ்கிவிட்டது. அப்படியானால் கோளாறு மடிப்புக் கூடத்தில்தான்.

அங்கே போனபோது தேநீர் வேளை. என் வயதொத்த ஒருத்தி சாப்பாட்டுப் பையிலிருந்து தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்து, உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டு அடுத்தவளிடம் கொடுத்தாள். வெளுத்த துணி நாள் முழுக்க உரசி உரசிக் கையின் ஈரத்தையெல்லாம் எடுத்துவிடும். அதற்குத்தான் எண்ணெய்.

"ஏட்டி, நீயும் கையக் காட்டு. இந்தக் காத்துக்கு எம்புட்டு வறளுது பாரு" என்று எனக்கும் ஊற்றினாள்.

எண்ணெய் என் உள்ளங்கையில் நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கைகளால் மடித்த துணி எப்படி மூழ்கும்?

சூப்பர்வைசரிடம் சொன்னேன். மறுநாள் வாசலிலேயே எண்ணெய்ப் பாட்டில்களை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மதியம் சாப்பிடப் போனால், எனக்கு எண்ணெய் ஊற்றியவள் நகர்ந்து இடம் விட்டாள்.

"வாங்க மேடம், உக்காருங்க. கொழம்புல எண்ணெ மெதக்குது, அதையும் டெஸ்ட் பண்ணிருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். நேற்றைய ஏட்டி இன்று மேடமானதுதான் உறுத்தியது.

அதன்பின் வந்த மடிப்புகள் போட்டவுடன் மூழ்கின. நான் சொன்னது சரி என்று சூப்பர்வைசரும் பாராட்டினார். அந்த வாரக் கடைசியில் மூழ்கிய ஒரு மடிப்பை இடுக்கியால் தூக்கியபோது, அதிலிருந்து இளஞ்சிவப்பாக நீர் சொட்டியது. துருவாக இருக்கும் என்று பிரித்தேன். துரு இல்லை. இரத்தம்.

கட்டோடு வந்த, மடித்தவர் பெயர் எழுதிய சீட்டைப் பார்த்தேன். அவள் மடித்தது. ஓடினேன். அவள் வலக்கையைச் சேலைத் தலைப்பில் சுற்றியிருந்தாள்.

"காட்டுங்க."

"ஒண்ணுமில்ல மேடம்."

நானே பிரித்துப் பார்த்தேன். விரல் மடிப்பு ஒவ்வொன்றிலும் தோல் பிளந்து, பிளவுக்குள் சிவப்பாகத் தெரிந்தது.

"எண்ணெ இருந்தா வெடிக்காது. இங்கன ஒண்ணும் தெரியாது, வீட்டுல பாத்திரம் தேய்க்கையிலதான் காந்தும்" என்றாள், ஏதோ எனக்கு ஆறுதல் சொல்வதுபோல.

சூப்பர்வைசரிடம் போய் எல்லோருக்கும் கையுறை வேண்டும் என்றேன்.

"கிளவுஸ் போட்டா மடிப்பு வேகம் வராது மேடம். நல்லவேளை பாத்தீங்க. அந்தம்மா கை ஆறுற வரைக்கும் வீட்டுல இருக்கட்டும்."

"சம்பளம்?"

"வேலைக்கு வந்தாத்தான மேடம் சம்பளம்?"

கையுறைக்கு முதலாளியிடம் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். அதற்குள் சேதி போய், அவள் பையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டாள். நான் கண்டுபிடித்தது இரண்டுமே உண்மை. இரண்டும் அவள் தலையில்தான் விழுந்தன.

மற்றவர்களின் கை எப்படி இருக்கிறது என்று பார்க்க மடிப்புக் கூடத்துக்குத் திரும்பினேன். என்னைக் கண்டதும் மேசையின் இரு பக்கமும் இருந்த கைகள் ஒவ்வொன்றாகத் துணிக்கு அடியில் போயின.