பரவாயில்லீங்க

என் வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். ஒருமுறை மிஷின் ஊசி விரலில் இறங்கி மறுபக்கம் வந்துவிட்டது. பதறி ஓடிவந்த சூப்பர்வைசரிடம், "பரவாயில்லீங்க" என்றார். விரல் இவருடையது, ஆறுதல் சூப்பர்வைசருக்கு! பஸ்ஸில் யாராவது காலை மிதித்தாலும் அதே சொல்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

பித்தப்பையில் கல் இருக்கிறது என்று அவருக்கு ஆபரேஷன் செய்தார்கள். சின்ன ஆபரேஷன்தான், சீக்கிரம் வீடு திரும்பலாம் என்றார்கள். டாக்டர் தெற்கத்திக்காரர், சின்ன வயது, தங்கமான பிள்ளை. தினமும் வந்து, "வலி எப்படி இருக்கு?" என்று கேட்பார்.

"பரவாயில்லீங்க."

வலி குறைந்துவிட்டது என்று டாக்டர் எடுத்துக்கொண்டார். "அப்ப நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்றார்.

முந்தின நாளிலிருந்து இவர் சோற்றைத் தொடவில்லை. வலது தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டே கிடந்தார். இப்படியே கூட்டிப்போனால் இவர் எனக்கு மிஞ்சமாட்டார் என்று மனசு அடித்துக்கொண்டது.

"ஏனுங்க டாக்டர், இவரு பரவாயில்லீங்கன்னா முடியலைன்னு அர்த்தமுங்க. நல்லா இருந்தா இந்நேரம் டீ கேட்டிருப்பாருங்க. வவுத்துல கைய வெச்சுப் பாருங்க!"

டாக்டர் சிரித்தபடியே கையை வைத்தார். சிரிப்பு நின்றது. உடனே ஸ்கேன் எடுத்தார்கள். ஆபரேஷன் செய்த இடத்தில் பித்தநீர் கசிந்து வயிற்றுக்குள் தேங்கியிருந்தது. அந்த வலிதான் தோள்பட்டை வரை ஏறியிருக்கிறது. அபூர்வமாக யாருக்காவது இப்படி ஆகுமாம். வீட்டுக்குப் போயிருந்தால் ஆளையே கொண்டுபோயிருக்குமாம்.

வயிற்றின் பக்கவாட்டில் குழாய் வைத்து அதை வடித்தார்கள். நான் கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். உள்ளிருந்து, "ஐயோ, வலிக்குது! பொறுக்க முடியலீங்க!" என்று ஒரு சத்தம். கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்டிராத சத்தம்.

"கத்துங்க மாமா, நல்லாக் கத்துங்க" என்று சொல்லிக்கொண்டே அழுதேன், சிரித்தேன். இந்தம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று நர்ஸ் என்னையே பார்த்தாள். அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அதற்கப்புறம் பல வருடம் என்னோடு இருந்தார். மறுபடி வேலைக்குப் போனார், பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விட்டு வந்தார், என் புளிக்குழம்பைப் பரவாயில்லை என்றார்.

போன தை மாதம் தூக்கத்திலேயே போய்விட்டார். பக்கத்தில் படுத்திருந்த என்னைக்கூட எழுப்பவில்லை.