பேசக் கூடாத இடம்

பஞ்சாலைக்காரர்கள் வேலை முடிந்த கையோடு செங்கல் சுமந்து கட்டிய நூலகம் அது. எழுத்துத் தெரிந்தவர் தெரியாதவருக்குப் பத்திரிகை வாசித்துக் காட்ட ஒரு கூடம் வேண்டும் என்றுதான் ஆரம்பித்தார்கள். ஆலை மூடியபின் நகராட்சி எடுத்துக்கொண்டது.

அங்கே நூலகராக இருந்தவளை எல்லாரும் ‘உஷ் அம்மா’ என்பார்கள். பல்லி கத்தினால்கூட முறைத்துப் பார்ப்பாள் என்று கேலி. அவள் காதுக்கும் அது எட்டும், சிரித்துக்கொள்வாள்.

அவள் அண்ணன் லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அம்மாவின் வயிற்றுக் கட்டியை ஆபரேஷன் செய்ய அவள்தான் கையெழுத்துப் போட்டாள். அண்ணன் வேண்டாம் வேண்டாம் என்று தலையில் அடித்துக்கொண்டார். அம்மா பிழைக்கவில்லை.

“நீயே அனுப்பி வச்சுட்டியே!” என்றார். அதுதான் கடைசிப் பேச்சு.

ஆனாலும் சாயங்காலமானால் அண்ணன் நூலகத்துக்கு வந்துவிடுவார். அவளுக்கு எதிர் மேசையில் பத்திரிகையை விரித்துக்கொண்டு, பூட்டும்வரை உட்கார்ந்திருப்பார். வீம்பு பிடித்த மனுஷன், படிப்பையாவது விடவில்லையே என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

ஒருநாள் அண்ணி வந்தாள். “உங்கண்ணனுக்குச் சர்க்கரையில கண்ணு மங்கிப் போச்சு. வழி தடவி நடக்கற அளவுக்குத்தான் பார்வை. எழுத்தெல்லாம் கண்ணுக்குத் தெரியாது” என்றாள்.

“அப்புறம் எதுக்கு அண்ணி தினம் வர்றாரு?”

“நானும் அதையேதான் கேட்டேன். நேரா அவ வீட்டுக்கே போய்ப் பாருங்களேன்னேன். வீட்டுக்குப் போனா பேசணும், பேசினா அம்மா பேச்சு வந்துடும். அங்கதான் யாரும் பேசக் கூடாதே, நிம்மதியா அவ பக்கத்துல இருந்துட்டு வர்றேன்னாரு.”

அன்று சாயங்காலம் அவள் எழுந்து போய் அவர் கையைப் பிடித்துவிடலாமா என்று பார்த்தாள். கால் வரவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டாள்.

அதற்குள் சுவர் வெடித்துவிட்டது என்று நூலகத்தை மூடினார்கள். புத்தகங்களோடு அவளையும் ஊரின் அந்தக் கோடியில் இருந்த பெரிய நூலகத்துக்கு மாற்றினார்கள். அரைக்கண் பார்வையோடு இரண்டு பஸ் மாறி அண்ணன் எப்படி வருவார்?

அவளே அண்ணன் வீட்டுக்குப் போனாள். குரல் கேட்டதுமே அவர் உள்ளறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

“அண்ணா, நான் எதுவும் பேசல. சும்மா உக்காந்துட்டுப் போயிடறேன்.”

உள்ளே இருமல் கேட்டது. கதவுக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்திருந்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பினாள். மறுவாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரம் அவள் கிளம்புமுன் அண்ணியிடமிருந்து போன் வந்தது. தூக்கத்திலேயே போய்விட்டாராம்.

சாவு வீட்டில் பழைய நூலகத்து ஆட்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அந்த நூலகத்தில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பெண் அவளைப் பார்த்து வியந்தாள்.

“எங்க டேபிள்ல உக்காருவாரேன்னு நாங்க வந்தோம். நீங்களும் தேடி வந்திருக்கீங்களே! அவ்வளவு பழக்கமா மேடம்?”

“என் கூடப் பொறந்தவருமா.”

அந்தப் பெண் கூட்டத்தை விலக்கி அவளைக் கைத்தாங்கலாக அழைத்துப் போய், அண்ணன் தலைமாட்டில் உட்காரவைத்தாள்.