களியக்காவிளையிலிருந்து வரும் வழி

2023 அக்டோபர் 17, செவ்வாய்க்கிழமை. விடியும்போது மழை விட்டிருந்தது. ஆறரைக்குக் குளியல், ஏழே காலுக்கு இட்லி, எட்டரைக்கு நாகர்கோவிலில் எங்கள் ரத்தப் பரிசோதனைக்கூடத்தின் மாடியறை. முதலில் மின்விசிறி, பிறகு கணினி, பிறகு கண்காணிப்புத் திரை. இந்த வரிசையை நான் மாற்றுவதில்லை.

களியக்காவிளையில் எங்களுக்கு ஒரு கிளை உண்டு. அங்கே ரத்தம் எடுத்து டியூப்பை பைக்கில் இங்கே அனுப்புவார்கள். அந்த டியூப்பில் என்ன பார்க்க வேண்டும் என்ற கோரிக்கை மட்டும் கணினிச் செய்தியாக வரும். செய்திகளை வாங்கிக் கைமாற்றும் சர்வர்கள் இரண்டு ஊரிலும் தனித்தனிக் கூட்டமாக இருக்கின்றன. ஒரு கூட்டத்திலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி போகும் வாசலை கேட்வே என்போம். அது திறந்திருக்கிறதா, அதன் அமைப்புகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது என் வேலை.

அன்றும் பார்த்தேன். பச்சை. திருப்தியோடு டீ குடித்தேன்.

ஒன்பதரைக்குக் களியக்காவிளையிலிருந்து அழைப்பு. அந்தக் கிளையைத் தனியாகக் கவனித்துக்கொள்ளும் பெண்.

“சார், ஒரு பிள்ளைக்கு அஞ்சு நாளா பனி, ஒடம்பு கொதிக்குது. பிளேட்லெட் பாக்கணும்னு டாக்டர் எழுதியிருக்காரு. டியூப்பு அங்க வந்தாச்சு, ஆனா இன்னும் ஒண்ணும் தொடங்கலன்னு காட்டுது.”

“கோரிக்கை அனுப்பினியாம்மா?”

“மூணு தடவ அனுப்பியாச்சு சார்.”

“இங்கே எல்லாம் பச்சையா இருக்கு. நீ நல்லா பாரு. பொத்தானை அழுத்தியிருக்க மாட்டே.”

அவள் அலைபேசியை ஒலிபெருக்கியில் போட்டிருந்தாள். அது எனக்கு அப்போது தெரியாது. பின்னாலிருந்து வேறொரு குரல் கேட்டது. “ஏட்டி, அப்ப நீ அழுத்தவே இல்லியா? என் பிள்ள இங்க சுருண்டு கெடக்குது, நீ என்னத்த பாத்துட்டு இருக்க?” பிள்ளையின் தாய்.

“சார், கோரிக்கை இல்லாமலே ஒரு தடவ பாக்கச் சொல்லுங்களேன். நான் போன்ல வெவரம் சொல்லுதேன்” என்றாள் கிளைப் பெண். முடியாது என்றேன். கோரிக்கை வராத டியூப்பைத் தொடக்கூடாது என்பது நான் எழுதி வாங்கிய விதி. டியூப் மாறிவிடக் கூடாது என்பதற்காக வந்த நல்ல விதிதான். “அவங்க வேற எங்கயாவது பாக்கட்டுமா சார்?” என்று கேட்டாள். “எதுக்கு? இப்போ வந்துடும்” என்றேன். அதை நம்பி அந்தத் தாய் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதோடு விட்டேனா? ஊழியர்கள் எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: ‘கோரிக்கையை அனுப்பாமல் டியூப்பை மட்டும் அனுப்பும் பழக்கம் வேண்டாம்.’ பெயர் போடவில்லை. அன்று காலை பிரச்சினை சொன்னது ஒரே ஒரு கிளைதான். நான்கு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள்.

பதினொன்றரை சுமாருக்குக் கீழ்த்தளத்து டெக்னீசியன் மாடிக்கு வந்தார். என் வயதுதான், பேச்சு மட்டும் எப்போதும் இடக்கு.

“என்னவே, ஒமக்க வாசல் தொறந்துதான் கெடக்கா? களியக்காவிள டியூப்பு ஒண்ணு இல்ல, ஒம்பது நிக்கி. ஒண்ணுக்கும் கோரிக்கச் சீட்டு வரல. அந்தக் கிளையில இருக்க பிள்ள ஒம்பதுக்குமா பொத்தான அழுத்தாம இருக்கும்?”

“பச்சைதான் காட்டுது, பாருங்க” என்று திரையைத் திருப்பினேன். எட்டிப் பார்க்கக் குனிந்தவரின் கை சுட்டியில் பட்டுத் திரை கீழே உருண்டது.

மேலே இருந்தது இங்கிருந்து போகும் இணைப்பு. கீழே, அங்கிருந்து வரும் இணைப்பு. போகும் வழியும் வரும் வழியும் வேறு. ஒன்று திறந்திருக்க மற்றது அடைபட்டிருக்கலாம். இதைப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவனே நான்தான். மேலே பச்சை இருந்தால் கீழேயும் இருக்கும் என்று எத்தனை காலமாகக் கீழ்ப்பாதியைப் பார்க்காமல் விட்டேனோ தெரியவில்லை. களியக்காவிளை என்று இருக்க வேண்டிய வரி அங்கே இல்லை.

காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. முந்தைய நாள் மாலை, கிளை மூடிய பிறகு, எங்கள் கேட்வேயைப் புதிய இயந்திரத்துக்கு மாற்றியிருந்தேன். புதிய முகவரியை களியக்காவிளை சர்வர்களின் அமைப்பில் எழுத மறந்திருந்தேன். காலையிலிருந்து அவை பழைய முகவரியைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கின்றன. கிளைப் பெண் அனுப்பியவை எல்லாம் அங்கேயே காத்துக் கிடந்தன.

ஒரு வரியைத் திருத்தினேன். கோரிக்கைகள் மளமளவென்று வந்தன. அந்தப் பிள்ளையின் கோரிக்கை மூன்று முறை இருந்தது.

டெக்னீசியன் அந்தப் பிள்ளையின் டியூப்பை முதலில் பார்க்கக் கீழே ஓடினார்.

பிளேட்லெட் மிகவும் குறைந்திருந்தது. முடிவு போன சிறிது நேரத்தில் பிள்ளையைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனார்கள். குழுவில் ‘கேட்வே சரிசெய்யப்பட்டது’ என்று எழுதினேன். அதைக் கெடுத்தது யார் என்று எழுதவில்லை. ‘நன்றி சார்’ என்று முதலில் பதில் போட்டவள் அந்தக் கிளைப் பெண்தான். மதியச் சாப்பாட்டுப் பொதியை அவிழ்க்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மனைவி கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றேன்.

மறுநாள் காலை குளிப்பதற்கு முன், பதிவில் இருந்த தாயின் எண்ணை அழைத்தேன். பரிசோதனைக்கூடத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி, பிள்ளை எப்படி இருக்கிறான் என்று கேட்டேன்.

“வார்டுல கெடக்கான். இன்னும் கொறச்சு நேரம் போயிருந்தா கஷ்டமாயிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. இப்ப கஞ்சி கேட்டான்.” பிறகு அவளே தொடர்ந்தாள். “அந்தப் பொண்ண நான் வாயில வந்ததெல்லாம் பேசிப்போட்டேன்.”

“அவங்க மேல தப்பு இல்லம்மா. அவங்க சரியாத்தான் அனுப்பினாங்க. தப்பு செஞ்சது நான். உங்கள வேற இடத்துக்குப் போகவிடாம இருக்கச் சொன்னதும் நான்தான்.”

வார்டில் யாரோ இருமுவது கேட்டது. என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

“இத அவகிட்ட சொன்னியளா?”

“இல்ல.”

“அப்ப எங்கிட்ட எதுக்கு மொதல்ல சொல்லுதிய?” என்றாள். இணைப்பைத் துண்டித்துவிட்டாள்.

கிளை திறக்க இன்னும் நேரம் இருந்தது. கிளைப் பெண்ணின் சொந்த எண்ணைத் தேடி எடுத்து அழைத்தேன். எடுத்ததும், “சார், இப்பவும் எதாவது வரலியா?” என்று பதறினாள்.