கோடு போட்டு ஒரு மரத்தை வெட்டப் பார்த்தேன்

போன செவ்வாய்க்கிழமை ஒரு மரம் பிழைத்தது. நானும் பிழைத்தேன்.

நான் காட்டிலாகாவில் மரம் அளக்கிறவன் என்பது வாராவாரம் என்னைச் சகித்துக்கொள்ளும் உங்களுக்குத் தெரியும். திண்டிவனம் – விழுப்புரம் சாலை மரங்களில் எவையெல்லாம் தந்திக் கம்பியில் உரசும் என்று மேலிடம் பட்டியல் கேட்டது. யுத்த காலம்... கம்பி அறுந்தால் சும்மா விடுவார்களா? உரசுகிற மரத்தை வெட்டிவிட உத்தரவு.

ஒவ்வொரு மரத்துக்கும் கிளை விரிவை அளந்தால் வருஷமாகிவிடும். அதனால் சில மரங்களில் மட்டும் அடிமரச் சுற்றளவையும் கிளை விரிவையும் அளந்து, கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்தேன். புள்ளிகளுக்கு நடுவே ஒரு கோடு. இனி அடிமரத்தை அளந்தால் போதும், விரிவைக் கோடே சொல்லிவிடும்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

விழுப்புரத்துக்குச் சற்று முன்னால் ஒரு புங்கமரம். அதன் நிழலில் அஞ்சலை என்ற பெண் கேப்பைக் கூழ் விற்கிறாள். நிழல் போனால் கடையும் போச்சு. பருத்த மரம், கம்பியைத் தாண்டும் என்றது கோடு. சுண்ணாம்பால் குறி போட்டுவிட்டேன்.

செவ்வாயன்று வெட்டுகிற ஆட்களோடு போய் இறங்கினேன். அஞ்சலை மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள். அழவில்லை.

"வருஷா வருஷம் நாத்தங்காலுக்குத் தழை வெட்டிக்கினு போயிடறாங்க. இது எங்கங்க கம்பியத் தொடுது? ஒரு தபா மேல பாருங்கய்யா."

பார்த்தேன். பருத்த அடிமரத்தின் மேல் ஒரு சின்னக் கொண்டை. கூழ்ப் பானைக்கும் நாலு பேர் குந்துவதற்கும் போதுமான நிழல், அவ்வளவே. அளந்தும் பார்த்தேன். கம்பிக்குக் கிட்டத்தில்கூட வரவில்லை.

கோட்டைக் குறை சொல்லி என்ன பயன்? நான் அளந்தவை எல்லாம் ஆபீஸ் பக்கத்தில், யாரும் கத்தி வைக்காத மரங்கள். தனக்குக் காட்டிய மரங்களைத்தானே அதற்குத் தெரியும்? ஒரு கணக்கு பலித்துவிட்டால் போதும் — நமக்குக் கண் எதற்கு என்று தோன்றிவிடுகிறது.

பட்டியலில் அதுதான் முதல் மரம். நல்லவேளை, அதற்குள் வேறெதையும் வெட்டவில்லை! ஆட்களைத் திருப்பி அனுப்பிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அஞ்சலையிடம் ஒரு செம்பு கூழ் வாங்கிக் குடித்தேன்.

அன்றிலிருந்து குறி போட்ட மரம் ஒவ்வொன்றையும் அண்ணாந்து பார்த்து வருகிறேன். கழுத்து வலி தாங்கவில்லை... இவ்வளவு நிம்மதியான வலி எனக்கு வந்ததே இல்லை.