செய்துவிட்டு வரவேண்டிய வீட்டுப்பாடம்

அரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், உரக்கடை மாடியில் எங்கள் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. நடத்துகிறவள் சோபனா. செங்கல் சூளையில் வேலை செய்தவரின் மகள். 'இந்தப் பொண்ணா நமக்குச் சொல்லித் தரப்போகுது' என்று முதல் நாள் முணுமுணுத்தவர்கள் உண்டு. அவர்களுக்கெல்லாம் இப்போது வாயைத் திறந்தால் மூடத் தெரியவில்லை.

வகுப்பின் முதலாளி பிரபாகர் அச்சடித்த புத்தகம் கொடுத்திருந்தார். இந்தப் பக்கம் இங்கிலீஷ் சொல், அந்தப் பக்கம் தமிழ்ப் பொருள். மனப்பாடம் செய்ய வேண்டியதுதான். சோபனா அதை மூடி வைத்துவிட்டாள். நாளுக்கு ஒரு வினைச்சொல்லை எடுத்துப் பொருளைச் சொல்லி, எங்கள் ஒவ்வொருவரையும் வாக்கியம் பேச வைப்பாள். வீட்டுப்பாடம் மட்டும் எழுதுவதல்ல.

"நாளைக்குள்ள யார்கிட்டயாவது செஞ்சுட்டு வாங்க. அப்பத்தான் மனசுல ஒட்டும்" என்பாள்.

இன்சிஸ்ட் என்றால் விடாப்பிடியாக நிற்பது. என் பக்கத்தில் உட்காரும் தெரசா அக்கா வீட்டில் விடாப்பிடியாக நின்று சமையலறைக்கு ஃபேன் மாட்ட வைத்தாள். இன்டரப்ட் நடத்திய அன்று, என் மாமனார் பேசும்போது நான் குறுக்கே பேசினேன். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் முதல் தடவை. மனுஷன் சோற்றில் கை வைத்தபடியே என்னைப் பார்த்தார். பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. ரெஃப்யூஸ், அதாவது மறுப்பது, அதையும் நடத்தினாள்.

வம்பு அதில்தான் வந்தது. எங்களோடு படிக்கும் கவிப்பிரியா கம்பைநல்லூர்க்காரி. பெண் பார்க்க வந்தவர்கள், கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகக் கூடாது என்றார்களாம். காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு இது வேண்டாங்க" என்று சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை அவள் அப்பா குப்புராஜ் மகளோடு மாடியேறி வந்தார். பிரபாகரும் கூடவே வந்தார்.

"புள்ளைய இங்கிலீசு படிக்கத்தான் அனுப்புனேன். மறுத்துட்டு வான்னு பாடம் நடத்தறீங்களாம். ஊர்ல தல காட்ட முடியலைங்க" என்றார் குப்புராஜ்.

பிரபாகர் போனை நீட்டினார். "சோபனா, மாப்ள வூட்டுக்குப் பேசி மன்னிப்புக் கேட்டுருங்க. பாடத்துக்காக வெளையாட்டா சொன்னதுன்னு சொல்லுங்க. முடியாதுன்னா நாளையிலருந்து வராதீங்க."

சோபனா சம்பளத்தில்தான் அவள் வீட்டில் உலை கொதிக்கிறது. அது தெரிந்தேதான் அவர் அப்படிச் சொன்னார்.

"கேக்க மாட்டேன் சார்," என்றாள் சோபனா. "அவ வாயால சொன்னதை வெளையாட்டுன்னு நான் எப்படிச் சொல்றது? வேலையவிட்டு அனுப்பறதா இருந்தா இப்பவே அனுப்பிருங்க."

குப்புராஜ் மகளிடம் திரும்பினார். கெஞ்சுகிற குரல். "நீயே சொல்லும்மா. பாடத்துக்காகத்தான சொன்ன?"

"இல்லப்பா. மறுக்கற பாடம் போன மாசமே முடிஞ்சிருச்சு. அன்னிக்கு மிஸ் குடுத்தது அக்ரீ, ஒத்துக்கறது. அந்த வீட்டுப்பாடத்தத்தான் நான் செய்யல."

சோபனா இதை முதலிலேயே சொல்லித் தப்பித்திருக்கலாம். சொன்னால் பழி முழுக்க அந்தப் பிள்ளை தலையில் விழும் என்றுதான் சொல்லவில்லை.

பிரபாகர் நீட்டியிருந்த போனைக் குப்புராஜ் தள்ளிவிட்டார்.

"டீச்சரம்மா பேச வேணாங்க. நானே பேசிக்கறேன். எம்புள்ள வேணாங்குதுன்னு சொல்லிக்கறேன்."