கடைசிக் காம்பராவின் பிடி அரிசி

நான் யாரைப் பற்றியும் கோள் சொன்னதில்லை. அதை நல்ல குணம் என்று நினைத்துவிட வேண்டாம். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சம், அவ்வளவுதான். சின்ன வயதில் ஒரே ஒரு முறை திறந்தேன். அதையும் அப்பாயி தேங்காய்ச் சில்லை வைத்து அடைத்துவிட்டாள்.

அப்பாயி என் அப்பாவைப் பெற்றவள். எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலே கதியென்று இருந்தவள். ஆனாலும் அவள் கைகூப்பி நின்றதைவிட, கோயில் அடுப்பை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்தில் யாருக்குப் பிரசவ வலி வந்தாலும் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். கொழுந்து பறித்துவிட்டு வந்த ஈரக்காலோடு அப்படியே போய்விடுவாள். திரும்பி வந்து, பேரப்பிள்ளைகள் ஆறு பேரும் சாப்பிட்டோமா என்று வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுப்பாள்.

ஆடி வெள்ளிகளில் கோயிலில் கஞ்சி காய்ச்சுவாள். அதற்கு வீட்டுக்கு ஒரு பிடி அரிசி. லயம் லயமாகப் போய் அதை வாங்கி வரும் வேலையை எனக்குத்தான் கொடுத்தாள். எங்களில் வாய்க்காரன் சித்தப்பா மகன். அவனுக்கு அது பொறுக்கவில்லை.

"இந்த ஊமக்கோட்டானையா அனுப்புறீங்க? கதவத் தட்டக்கூடப் பயப்படுவான்."

"அதுக்குத்தான்டா அவன்" என்றாள் அப்பாயி.

எனக்கு அது புகழ்ச்சியா, ஏச்சா என்று தெரியவில்லை. டின்னைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

மூடி போட்ட பெரிய பிஸ்கட் டின் அது. அதற்கு அப்பாயி இரண்டு சட்டம் வைத்திருந்தாள். டின்னை வாசலில் கொடுத்ததும் மலையைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். அது அடுப்படிக்குள் போய் மறுபடி என் கைக்கு வரும்வரை உள்ளே பார்க்கக் கூடாது. இன்னொன்று, மேல் லயத்துக் கடைசிக் காம்பராவுக்குக் கடைசியாகத்தான் போக வேண்டும்.

அந்த ஒற்றை அறை வீட்டில் ஓர் அக்கா இருந்தாள். அவள் புருஷன் மரம் வெட்டப் போய் விழுந்து, இடுப்பு உடைந்து படுத்திருந்தான். மூன்று பிள்ளைகள். மூத்தவள் என்னோடு படித்தவள்.

முதல் வெள்ளியே எனக்குச் சந்தேகம். எல்லா வாசலிலும் கனம் கூடி வந்த டின், அந்த வாசலில் மட்டும் குறைந்து வந்தது. இரண்டாம் வெள்ளியும் அப்படித்தான். மூன்றாம் வெள்ளி நல்ல மழை. மலையை மூடிக்கொண்டு மூட்டம் இறங்கியிருந்தது. பார்க்க மலை இல்லாதபோது மலையைப் பார்க்கவில்லை என்று யாரும் குற்றம் சொல்ல முடியாது என்று நினைத்து, திரும்பிக் கதவிடுக்கில் பார்த்தேன்.

அக்கா டின்னுக்குள் கைவிட்டுச் சுளகில் அள்ளிப் போட்டாள். ஒரு பிடி, இரண்டு, மூன்று, நான்கு. கொஞ்சநேரம் சுளகையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதிலிருந்து ஒரு பிடியை எடுத்து டின்னிலேயே போட்டு மூடினாள்.

"இந்தா தம்பி, அப்பாயிகிட்ட குடு" என்று வெளியே வந்தபோது நான் மலை இருந்த பக்கம் பார்த்து நின்றேன். சாமி அரிசியைத் திருடியவளுக்கு இன்று சாயங்காலத்துக்குள் அம்மை போட்டுவிடும் என்று எண்ணிக்கொண்டே கோயிலுக்கு ஓடினேன்.

அம்மை போடவில்லை. சாயங்காலம் அவளும் மூன்று பிள்ளைகளோடு கஞ்சிக்கு வந்து நின்றாள். கோயில் தலைவர் அகப்பையால் கஞ்சியைக் கிளறிப் பார்த்தார்.

"என்னா பெரியாத்தா, கஞ்சியில மூஞ்சி தெரியுது? அரிசி வழியில எங்கயாச்சும் எறங்கிக்குதா? இல்ல, ஒங்க வீட்டு அடுப்புப் பக்கம் போயிட்டு வருதா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் விடவில்லை. "அடுத்த வெள்ளி வாசல்லயே வச்சுப் போடட்டும். எல்லாரும் பாக்கட்டும்."

எனக்குக் காது சுட்டது. என் அப்பாயியைத் திருடி என்கிறார்கள். உண்மையான திருடி அதோ, சட்டியோடு நிற்கிறாள். "எனக்குத் தெரியும்" என்று ஒரு குரல் கேட்டது. அது என்னுடையதுதான். எல்லாரும் திரும்பினார்கள். அந்த அக்காவின் முகம் வெளுத்துப்போனது. நான், "கடைசி" என்று ஆரம்பித்தேன்.

பெரிய தேங்காய்ச் சில்லு ஒன்று வாய்க்குள் வந்து விழுந்தது. கடிக்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"பசி வந்தாத்தான் இவனுக்குப் பேச்சு வரும்" என்றாள் அப்பாயி. கூட்டம் சிரித்தது. அவள் தலைவர் பக்கம் திரும்பினாள். "அரிசி எங்கயும் போவல தலைவரே. மாரியாத்தா ஊருக்குள்ள போயிட்டு வர்றா. போற எடத்துல ரெண்டு வாய் சாப்புடமாட்டாளா? வாசல்ல வச்சுத்தான் போடணும்னா, அடுத்த வாரம் அடுப்பு ஊத நீங்களே வந்துருங்க."

பெண்கள் பக்கம் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. "பெரியாத்தா வாய்க்கு முன்னால நிக்க முடியுமா" என்று சொல்லிக்கொண்டே தலைவரும் ஒரு கோப்பை கஞ்சி வாங்கிக் குடித்தார். பேச்சு அதோடு முடிந்தது.

வீட்டுக்குப் போனதும் அடி விழும் என்று பயந்தேன். அப்பாயி ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வெள்ளி அதே டின்னை என்னிடமே கொடுத்தாள். கொடுக்குமுன் எங்கள் வீட்டு அரிசியில் இரண்டு பிடி போட்டாள்.

அப்பாயி போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. போன மாதம் நானுஓயா ஸ்டேஷனில் அந்த வீட்டு மூத்த மகளைப் பார்த்தேன். இப்போது டீச்சர். பக்கத்தில் அவளுடைய அம்மா, அதே அக்கா, கம்பளிச் சால்வையோடு உட்கார்ந்திருந்தாள்.

"என்னா, இன்னும் பேசப் பழகலையா?" என்றாள் டீச்சர்.

"அவன் அப்பவே அப்படித்தான், நல்ல புள்ள" என்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் சிரித்து வைத்தேன். அந்தத் தேங்காய்ச் சில்லு ஒரு நொடி பிந்தியிருந்தால் இந்தக் கை என்னைத் தொட்டிருக்காது என்று நினைத்தபோது, நெஞ்சுக்குள் பெரிய ஆறுதல்.

அவள் ஒரு பிடியைத் திருப்பிப் போட்டதை, திருடிக்கு வந்த பயம் என்றுதான் அன்று நினைத்தேன். வீட்டுக்கு ஒரு பிடி என்றால் அந்த வீடும் தன் பங்குக்கு ஒரு பிடி போட வேண்டும். அது எனக்குத் தெரியவில்லை. டின் நிறைந்த பிறகே என்னை அந்த வாசலுக்கு அனுப்பிய அப்பாயிக்குத் தெரிந்திருந்தது.